பெண் டைப்பிஸ்டின் ஆசனம் பற்றிய கோப்பு

வெள்ளைக்காரன் கப்பலேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆடிக் காற்று செம்மண்ணை வாரி வாரி ஊர்க் கண்ணில் போட்டுக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, உடைமரத்தூர் தாலுகா ஆபீசின் ஏழு படிகளில் ஏறி, கையில் நியமன உத்தரவும் தோளில் துணிப்பையுமாக ஞானசுந்தரி உள்ளே வந்தபோது, அங்கே இருபத்திமூன்று ஆண்களும் இருபத்திமூன்று நாற்காலிகளும் இருந்தன. அந்த ஆபீஸ் கட்டி எண்பது வருஷத்தில் பெண்கள் யாரும் அந்தப் படிகளில் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. பட்டா கேட்டு ஏறியிருக்கிறார்கள், புருஷன் செத்துப்போனதற்குச் சான்று கேட்டு ஏறியிருக்கிறார்கள், செத்துப்போகாத புருஷன் எங்கே என்று கேட்டும் ஏறியிருக்கிறார்கள். ஆனால் ஏறினவர்கள் எல்லாரும் சாயங்காலத்துக்குள் இறங்கிப் போய்விட்டார்கள். ஏறி வந்து, நாளைக்கும் வருவேன் என்று எழுத்தில் கொடுத்த முதல் பெண் இவள்தான்.

அவளுக்கு அப்போது இருபத்திநாலு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து, கண் மங்கி வீட்டோடு வந்துவிட்ட தாவீதின் ஒரே மகள். தாய் இல்லை. டைப்பில் ஹையர் பாஸ் செய்திருந்தாள். சர்க்கார் பரீட்சையில் ஜில்லாவிலேயே மூன்றாவதாக வந்திருந்தாள். முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்த இரண்டு ஆண்கள் வசதியான ஊர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டதால், தண்ணீருக்கு இரண்டு மைல் போக வேண்டிய உடைமரத்தூர் அவளுக்குக் கிடைத்தது.

தாசில்தார்கள் வருவார்கள், போவார்கள். அந்த ஆபீசை நடத்தியவர் தலைமை குமாஸ்தா ஆவுடையப்பன். நெற்றி நிறையத் திருநீறு, காதோரம் ஒரு பென்சில், எதைக் கேட்டாலும் முதலில் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற பழக்கம். உத்தரவில் பெயருக்கு முன்னால் ஸ்ரீ என்று அச்சாகியிருந்ததால், கடைசி எழுத்தை யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள், வரப்போகிறவர் ஞானசுந்தரம் என்று அவர் தீர்மானித்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் பின்னால் வருகிறாரா என்று மரியாதையாகவே கேட்டார். அண்ணன் இல்லை, நான்தான் என்று அவள் சொன்னாள். அவர் உத்தரவை இன்னும் இரண்டு முறை படித்துவிட்டு, அதில் தப்பு எதுவும் கிடைக்காததால், மூலையில் இருந்த டைப்ரைட்டரைக் கை காட்டினார்.

டைப்ரைட்டர் இருந்தது, அதை வைக்க மேஜை இருந்தது, இரண்டும் போன வாரம்தான் ஜில்லாவிலிருந்து ஒரே மாட்டு வண்டியில் வந்து இறங்கியிருந்தன. நாற்காலி மட்டும் வரவில்லை. நாற்காலி வேறு செலவுத் தலைப்பில் வர வேண்டியது என்று ஆவுடையப்பன் விளக்கினார்.

ஞானசுந்தரி நின்றாள். பத்தரை வரை நின்றாள், பதினொன்று வரை நின்றாள், பன்னிரண்டு மணிக்கும் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திமூன்று பேரும் அவள் நிற்பதைப் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் தன் நாற்காலியை ஒரு வயசுப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தவன் யாராக இருந்தாலும், அவன் சாயங்காலம் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் செய்தி அவன் பெண்டாட்டியிடம் போய்ச் சேர்ந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தவிரவும், ஒரு முறை கொடுத்துவிட்டால் அது வழக்கமாகிவிடும் என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

பன்னிரண்டேகாலுக்குத் தாசில்தார் கைமணியை அடித்து, கலெக்டருக்கு ஒரு அவசரக் கடிதம் உடனே போயாக வேண்டும் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினார். ஞானசுந்தரி தாளை மெஷினில் செருகினாள், முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள், நாற்காலி இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தில், அந்த உயரத்தில், உட்கார்ந்தாள். கீழே ஒன்றும் இல்லை. காற்று அவளைத் தாங்கியது. முதுகு நேராக, பாதம் இரண்டும் தரையில் பட, முழங்கால்கள் மேஜைக்கு அடியில் மடங்கியிருக்க, அவள் நாலு பக்கத்தையும் ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தாள்.

மெஷின் சத்தம் கேட்டு ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டைப்பிஸ்ட் உட்கார்ந்துவிட்டார் என்பது அவருக்குத் திருப்தியாக இருந்தது. காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்த ஒரு காரியம் முடிந்துவிட்ட நிம்மதியில் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். மற்றவர்களும் திறந்தார்கள்.

மறுநாளே அவள் நாற்காலி கேட்டு மனுக் கொடுத்தாள். ஆவுடையப்பன் அதை வாங்கி, 'பெண் டைப்பிஸ்டின் ஆசனம் பற்றியது' என்று தலைப்பிட்டு ஒரு கோப்பைத் திறந்தார். கூடவே, ஆண்களின் வேலை கெடாமல் இருக்க அவளைச் சுற்றி ஒரு திரை வேண்டும் என்று இன்னொரு கோப்பையும் திறந்தார். திரை நாலே நாளில் வந்தது, பச்சைக் காடாத் துணியில், பித்தளை வளையங்களோடு. நாற்காலிக்கு ஜில்லாவிலிருந்து கேள்வி வந்தது. கை வைத்த நாற்காலியா, கை வைக்காததா? பெண் மாற்றலாகிப் போய் அங்கே ஆண் வந்தால், பெண் உட்கார்ந்த நாற்காலியில் ஆண் உட்காரலாமா, அல்லது அதைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டுமா? ஆவுடையப்பன் பதில் எழுதினார். அவர் பதில் எழுதிய கடிதத்தையும் ஞானசுந்தரிதான், அந்தரத்தில் உட்கார்ந்து, டைப் செய்தாள். ஒன்றரை வருஷம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: 'மேற்படி ஊழியர் தற்சமயம் உட்கார்ந்து வேலை பார்க்கிறாரா? ஆம் எனில் நாற்காலி எதற்கு? இல்லை எனில் இத்தனை கடிதங்களை எப்படி டைப் செய்தார்? விளக்கம் தேவை.'

அதற்கு என்ன விளக்கம் எழுதுவது என்று தெரியாமல் கோப்பு அப்படியே அலமாரிக்குப் போயிற்று. இன்னொரு வசதியும் அந்த ஆபீசில் பெண்களுக்கென்று இல்லை. அதற்கு அவள் மத்தியானம் ஒரு முறை, சாலையைத் தாண்டி மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். அதைப் பற்றி மனுக் கொடுத்தால் தலைப்பை எப்படி எழுதுவது என்று ஆவுடையப்பன் கூச்சப்பட்டதால் அந்தக் கோப்பு திறக்கப்படவே இல்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. முதலில் பட்டா மாற்ற வந்த சனங்கள் திரை இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார்கள். அடுத்த வாரம் பட்டாவே இல்லாதவர்களும் வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் சிலர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து திரைக்கு முன்னால் வைத்தார்கள். ஒரு அம்மாள் சூடம் கொளுத்தினாள். ரிக்கார்டு பற்றிக்கொள்ளும் என்று ஆவுடையப்பன் சூடத்துக்கு மட்டும் தடை போட்டார், பழத்துக்குப் போடவில்லை. அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று கோயில் பூசாரி சொன்னார். விசுவாசத்தின் பலன் என்று பாதிரியார் சொன்னார். இரண்டு பேரும் சந்தைக் கடையில் எதிர்ப்பட்டபோது அதைப் பற்றிப் பேசாமல் மழை பற்றிப் பேசினார்கள். டீக்கடையில் இருந்தவர்கள், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பொம்பளைகளுக்கு இடுப்பெலும்பு அப்படி, வீட்டில் குத்த வைத்து உட்கார்ந்து பழகினது என்று முடிவுகட்டினார்கள்.

வருஷா வருஷம் தாலுகாவின் எல்லா மேஜை நாற்காலிகளிலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதுகிற ஒரு அலுவலர் ஜில்லாவிலிருந்து வருவார். அவர் திரையை விலக்கி, டப்பாவும் பிரஷுமாக அவளுக்குப் பின்னால் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எழுத இடமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெண் பார்க்கவும் வந்தார்கள். மூன்று இடம் வந்தது. முதல் மாப்பிள்ளையின் தாயார் அவளை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு, எந்தப் பிடிமானமும் வேண்டாத பெண் புருஷனுக்கு எப்படி அடங்குவாள் என்று எழுந்து போய்விட்டாள். இரண்டாவது இடத்தில், சீர் சாமான்களில் நாற்காலியைத் தாவீது கழித்துவிடுவாரோ என்ற சந்தேகம் வந்து பேச்சு நின்றது. மூன்றாவது மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்திருந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும், உட்காருவதை மட்டும் விருந்தாளிகள் வரும்போது செய்து காட்டினால் போதும் என்று சொன்னார். ஞானசுந்தரி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்திக்குக் கலெக்டர் வருவார். கிராமப் பதிவேடுகளைப் பார்த்து முடித்ததும், ஆவுடையப்பன் தானே போய்ப் பச்சைத் திரையை ஒரு பக்கமாகச் சுருட்டிப் பிடிப்பார். கலெக்டரும் கூட வந்தவர்களும் நின்று பார்ப்பார்கள். ஒரு கலெக்டர் கைத்தடியை அவளுக்கு அடியில் இப்படியும் அப்படியும் ஓட்டிப் பார்த்தார். ஒரு கலெக்டரின் மனைவி, இந்தக் காலத்துப் பெண்கள் மனசு வைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தனக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அது உடனே வந்தது.

இதெல்லாம் நடந்தபோது ஞானசுந்தரிக்குப் பெருமையாக இல்லாமல் இல்லை. இருபத்திமூன்று பேரும் நாற்காலியில் சாய்ந்து, முதுகைச் சொறிந்து, மத்தியானம் இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்து கிடக்கிறபோது, தான் மட்டும் எதிலும் சாயாமல் நிமிர்ந்து இருப்பதை அவள் உள்ளுக்குள் ரசித்தாள். நாற்காலி என்பதே கொஞ்சம் மட்டமானவர்களுக்கு உண்டானது என்று கூட மூன்றாவது வருஷத்திலிருந்து அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. நினைவூட்டு மனுக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் வலித்தது. முதல் நாளிலிருந்து வலித்தது. தொடையில் தொடங்கி, இடுப்பில் ஏறி, முதுகுத் தண்டில் ஒரு கம்பியைச் செருகியது மாதிரி நாள் முழுக்க வலித்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள் பாயில் குப்புறப் படுத்துவிடுவாள். தாவீது சுவரைத் தடவிக்கொண்டு வந்து, தானே காய்ச்சிய தைலத்தைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். எங்கே வலிக்கிறது, எதனால் வலிக்கிறது என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் வேலையை விட்டுவிடு என்று சொல்ல வேண்டியிருக்கும். விட்டால் அடுப்பு எரியாது. நோயாளியைக் கேள்வி கேட்காமல் மருந்து கொடுத்தே முப்பது வருஷம் பழகினவர், மகளிடமும் அப்படியே இருந்துவிட்டார். ஆபீசில் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. ஏழு தாசில்தார்கள் போனார்கள். திரை இரண்டு முறை புதிதாக மாற்றப்பட்டது.

பன்னிரண்டாவது வருஷத் தொடக்கத்தில் முத்துப்பேச்சி வந்தாள். வெள்ளத்தில் ஆட்களைக் கரை சேர்க்கப் போன போலீஸ்காரன் ஒருவன் திரும்பி வரவில்லை, அவனுடைய மனைவி. பள்ளிக்கூடப் படிப்பு முடித்திருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள். இருபத்தெட்டு வயதில் கொஞ்சம் கனத்த உடம்பு, உரத்த குரல். தபால் பதிவேடு எழுதும் வேலை. ஒரு வருஷம் தகுதிகாண் பருவம், அது முடிந்து தாசில்தார் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம்.

வந்த அன்றே அவள், நான் எங்க உக்காரணும் என்று கேட்டாள். ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, ஏனென்றால் இந்த முறை அவரிடம் பதில் தயாராக இருந்தது. இந்த ஆபீசில் பெண் ஊழியர்கள் உட்காருவதற்கு ஒரு முன்மாதிரி ஏற்பட்டிருக்கிறது, பதினோரு வருஷமாக எந்தக் குறையும் இல்லாமல் நடந்து வருகிறது, திரைக்குள் போனால் மூத்த ஊழியர் சொல்லித் தருவார் என்று சொல்லி அனுப்பினார்.

முத்துப்பேச்சி திரைக்குள் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்லது என்று சொல்லி, புடவையைச் சரிசெய்து, பக்கத்து மேஜையின் முன்னால் உட்காரப் போய், தரையில் விழுந்தாள். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டாம் முறை விழுந்ததில் இடது மணிக்கட்டுப் பிசகியது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்து மூன்றாம் முறையும் விழுந்தாள். அதற்குப் பிறகு நின்றாள். மேஜை மேல் குனிந்து நின்றுகொண்டே பதிவேடு எழுதினாள். ஒரு மாதத்தில் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. மேஜையைக் கொஞ்சம் உயர்த்தித் தரலாமா என்று தாசில்தார் அறை வாசலில் நிற்கும் டபேதார் மைதீன் ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். அது மேஜைகளின் அளவு பற்றிய வேறு விஷயம் என்று ஆவுடையப்பன் சொல்லிவிட்டார்.

ஞானசுந்தரி சொல்லித்தரத்தான் பார்த்தாள். மூச்சைப் பிடி என்றாள், பின்னால் திரும்பிப் பார்க்காதே என்றாள், நாற்காலி இருக்கிறது என்றே நினைத்துக்கொள் என்றாள். சொல்லும்போதே தனக்கும் அது எப்படி நடக்கிறதென்று தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. அது அவளை எரிச்சல்படுத்தியது. ஒவ்வொரு நாளும் இவள் நிற்பதும், பெருமூச்சு விடுவதும், ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்பதும், ஏதோ தன்னைக் குற்றம் சொல்வது மாதிரி இருந்தது. ஒரு நாள் மத்தியானம், முத்துப்பேச்சி மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றபோது, ஞானசுந்தரி மெஷினை நிறுத்தினாள்.

"நானும் பொம்பளைதானே. பதினோரு வருஷமா நான் உக்காரலியா?"

சொன்ன பிறகுதான், அது தன் குரலில் வந்த ஆவுடையப்பன் என்று அவளுக்குப் புரிந்தது. முத்துப்பேச்சி தலையைத் தூக்கினாள். கோபப்படவில்லை. ஞானசுந்தரியின் கால்களைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், கழுத்தில் புடைத்து நின்ற நரம்பைப் பார்த்தாள்.

"வலிக்கலியாக்கா?" என்று கேட்டாள்.

ஞானசுந்தரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி என்பதால் அதற்கான பொய்யை அவள் தயார் செய்து வைத்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினில் ஒரு தாளைச் செருகினாள். அன்று முழுக்க அவள் அடித்த கடிதங்களில் ஒவ்வொரு வரியிலும் ஒரு பிழை இருந்தது. சாயங்காலம் வீட்டில் தைலக் கிண்ணம் வந்தபோது, "இடுப்புலப்பா, தொடங்கினதுலேருந்து இடுப்புலதான்" என்று தானாகவே சொன்னாள். தாவீது, தெரியும்மா என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

ஜமாபந்திக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆவுடையப்பன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். முத்துப்பேச்சியின் தகுதிகாண் பருவ அறிக்கை. நடத்தை நன்று, கையெழுத்து நன்று, நேரம் தவறாமை நன்று, ஆசனத் திறன் இல்லை. அதற்குக் கீழே ஒரு வாக்கியம் அவரே எழுதியிருந்தார்: 'மனமும் உழைப்பும் உள்ள எந்தப் பெண்ணாலும் இவ்விதம் அமர்ந்து பணிபுரிய இயலும் என்பதை என் அனுபவத்தால் உறுதி கூறுகிறேன்.' அதற்கு அடியில் ஞானசுந்தரி கையெழுத்துப் போட வேண்டும். கலெக்டர் வரும் அன்று அதை அவர் முன்னால் வைத்து, வழக்கம்போல் திரையையும் விலக்கிக் காட்டிவிட்டால், வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு அன்றைக்கே கிடைத்துவிடும். பாவம்தான், இரண்டு பிள்ளைகள் என்று ஆவுடையப்பன் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். ஆனால் தரம் என்று ஒன்று இருக்கிறது, அதை ஏற்படுத்தி வைத்ததே நீங்கள்தான் என்றும் சொன்னார்.

அந்தத் தாள் ஆறு நாள் அவளுடைய மேஜை டிராயரில் கிடந்தது. முத்துப்பேச்சிக்கு அது என்ன தாள் என்று தெரியும். ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். அவள் ஞானசுந்தரிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் வழக்கம்போல் கேட்டாள்.

ஜமாபந்தி நாள். ஆபீஸ் வாசலில் மாவிலைத் தோரணம், முற்றத்தில் பந்தல், பந்தல் நிறைய மனுக்களோடு சனங்கள். புதுக் கலெக்டர் இளைஞர், வெயிலில் முகம் சிவந்து, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற நிலையில் இருந்தார். பதிவேடுகள் முடிந்தன. ஆவுடையப்பன் அவரைத் திரைக்கு அழைத்து வந்தார், பின்னால் தாசில்தார், அவருக்குப் பின்னால் இருபத்திமூன்று பேர், கதவு ஜன்னல் எல்லாவற்றிலும் ஊர்த் தலைகள். திரை சுருண்டு விலகியது. ஞானசுந்தரி எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். உட்காரும்மா என்று ஆவுடையப்பன் அன்பாகச் சொன்னார்.

அவள் உட்கார்ந்தாள். காற்று எப்போதும்போல் அவளைத் தாங்கியது. கீழே அது கெட்டியாக, நம்பிக்கையாக, பதினோரு வருஷத்துப் பழக்கத்தோடு இருப்பதை அவளால் உணர முடிந்தது. கூட்டத்தில் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள், யாரோ தாயே என்றார்கள். கலெக்டரின் புருவம் உயர்ந்தது. காற்று அவளைக் கைவிடும் என்று அவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அது கைவிடவில்லை. தானே விட்டால்தான் உண்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு கூட்டத்தையும், அவ்வளவு வருஷங்களையும், எலுமிச்சம்பழங்களையும் ஒரு முறை நினைத்துக்கொண்டு, ஞானசுந்தரி விட்டாள்.

தொப்பென்று தரையில் விழுந்தாள். மேஜை ஆடி மைக்கூடு கவிழ்ந்து புடவையெல்லாம் நீலமாயிற்று. முத்துப்பேச்சி தூக்கிவிட ஓடி வந்தாள்; ஞானசுந்தரி கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, அப்படியே காலை நீட்டித் தரையில் இருந்தாள். கலெக்டர் குனிந்து, என்னம்மா ஆயிற்று என்று கேட்டார்.

"நாற்காலி இல்லீங்க," என்றாள் ஞானசுந்தரி. "அதான் விழுந்துட்டேன்."

கலெக்டர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தாசில்தாரும் எட்டிப் பார்த்தார். இருபத்திமூன்று பேரும், நாற்காலி இல்லாததை அன்றுதான் முதல் தடவையாகக் கவனித்தவர்கள்போல, ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். ஏன் நாற்காலி இல்லை என்று கலெக்டர் கேட்டார். ஆவுடையப்பன் கோப்பை எடுத்துவரச் சொன்னார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. முதல் பக்கத்திலிருந்து அவர் விளக்க ஆரம்பித்தபோது மணி ஒன்றரை. கலெக்டருக்குப் பசி. நாலாவது பக்கத்திலேயே அவர் பேனாவை வாங்கி, இரண்டு நாற்காலிகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆவுடையப்பன் டிராயரிலிருந்து எடுத்து நீட்டிய முத்துப்பேச்சியின் அறிக்கையில் ஞானசுந்தரியின் கையெழுத்து இல்லாததைப் பார்த்து, ஆசனத் திறன் என்ற வரியை அடித்துவிட்டு, அதையும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். பெண்கள் உழைப்புக்கு இரங்கி அவர் இதைச் செய்ததாக ஊரில் பின்னால் பேசிக்கொண்டார்கள். அன்று கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது என்பது மைதீனுக்குத் தெரியும்.

பத்து நாளில் முறையான உத்தரவு வந்தது. பெண் ஊழியர்களின் திறன் அண்மைக் காலத்தில் குறைந்து வருவதை முன்னிட்டு, விதிகளைத் தளர்த்தி, சலுகையாக நாற்காலிகள் வழங்கப்படுவதாக அதில் இருந்தது. அந்த உத்தரவின் நகல்களையும் ஞானசுந்தரிதான் டைப் செய்ய வேண்டியிருந்தது. நின்றுகொண்டே செய்தாள்.

ஊருக்கு மனசு ஒடிந்துவிட்டது. அம்மன் இறங்கிப் போய்விட்டாள், இவள் ஏதோ தப்பு செய்திருக்கிறாள் என்று பூசாரி சொன்னார். விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று பாதிரியார் சொன்னார். எந்தத் தப்பு, யாரோடு என்று டீக்கடை ஒரு மாதம் ஆராய்ந்தது. பழம் கொண்டுவந்த பெண்களில் சிலர் அவளைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாங்கள் கும்பிட்டதை அவள் திருப்பித் தர வேண்டும் என்பதுபோல் ஒருத்தி நேரிலேயே வந்து சண்டை போட்டாள். ஞானசுந்தரி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் இடுப்பில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். அந்தப் பெண் கையை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு தன் இடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து, இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

நாற்காலிகள் வந்தன. தேக்கு, கை வைக்காதது. முத்துப்பேச்சி அப்பாடா என்று விழுந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, காலை நீட்டினாள். ஞானசுந்தரிக்குத்தான் உட்கார வரவில்லை. நாற்காலியில்தான் இருந்தாள், ஆனால் பலகைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. உடம்பு நம்ப மறுத்தது. ஒரு மாதம் வரை அப்படி இருந்தது. தினமும் காலையில் முத்துப்பேச்சி அவளுக்குப் பின்னால் வந்து, இரண்டு தோளிலும் கையை வைத்து, மாவு மூட்டையை அமுக்குவது மாதிரி அமுக்குவாள். "முழுசா உக்காருங்கக்கா. அது தாங்கும்," என்பாள். ஒரு நாள் தாங்கியது. ஞானசுந்தரி அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, மெஷின் மேல் கையை வைத்தபடி, வாயைத் திறந்துகொண்டு, இருபத்திமூன்று ஆண்களையும்போல் தூங்கிப் போனாள். முத்துப்பேச்சி திரையை இழுத்து விட்டாள். அந்தத் திரையால் உண்டான ஒரே நன்மை அதுதான்.

மூன்று வருஷம் கழித்து, ஆவுடையப்பன் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது, வசந்தகோகிலம் என்று ஒரு பெண் இளநிலை குமாஸ்தாவாக வந்தாள். இருபது வயது, இரட்டைப் பின்னல், கையில் கடிகாரம். அவளுக்கு முன்னாலேயே அவளுடைய நாற்காலி வந்திருந்தது. அவள் உட்கார்ந்தாள், முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தாள், எழுந்து நேரே ஆவுடையப்பனிடம் போனாள்.

"சார், இதுல ஒரு கால் குட்டையா இருக்கு. வேற குடுங்க."

ஞானசுந்தரியின் விரல்கள் மெஷின் மேல் நின்றுவிட்டன. அந்தப் பெண்ணின் குரலில் நன்றி இல்லை, பயம் இல்லை, கெஞ்சல் இல்லை, வெறும் எரிச்சல் மட்டும் இருந்தது. சோற்றில் கல் கிடந்தால் வருகிற எரிச்சல். ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தபடியே, அந்தக் காலத்தில் இதே ஆபீசில், அதோ அந்த அம்மா, நாற்காலியே இல்லாமல் பதினோரு வருஷம், என்று தழுதழுப்பாக ஆரம்பித்தார்.

"ஆவுடையப்பன் சார்," என்றாள் ஞானசுந்தரி, திரும்பாமலே. "அந்தப் பொண்ணு கேட்டது நாற்காலி."

வேறு நாற்காலி ஆபீசில் இல்லை. ஆவுடையப்பன் எழுந்து தன்னுடையதைத் தள்ளிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வரை நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். நாலு மணி வாக்கில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு கையால் பின்பக்கம் துழாவிக்கொண்டு மெதுவாக வெறும் காற்றில் உட்காரப் போனார். முழங்கால் சொடுக்கிய சத்தம் கேட்டு நிமிர்ந்துவிட்டார். மனு எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு முன்பே, கை வைத்த புது நாற்காலி ஒன்று அவருக்கு வந்து சேர்ந்திருந்தது.